தூரம் ஒன்றே, உழைப்பு வேறு!

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குச் சாலை வழியாகச் சுமார் 65 கிலோமீட்டர். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கும் ஏறத்தாழ அதே 65 கிலோமீட்டர்தான். முதல் வழியை நீங்கள் சைக்கிளில் 4 மணி 20 நிமிடத்தில் கடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வழியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

‘காலமும் தூரமும்’ கணக்கில் தேர்ந்த சிலர், ‘தூரம் ஒன்றுதானே, நேரமும் ஒன்றுதான்’ என்று உடனே விடை சொல்லக்கூடும். கொடைக்கானல் மலைச் சாலையைப் பேருந்தின் சன்னல் வழியாகவேனும் பார்த்தவர்கள் சிரித்துவிடுவார்கள். சரி, மலையை விட்டுவிடுவோம். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு 4 மணி 20 நிமிடத்தில் போக முடிந்தால், பழனியிலிருந்து அதே சாலையில் பொள்ளாச்சிக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? இதற்கும் ‘அதே நேரம்தான்’ என்பது எப்போதும் சரியான விடையாகாது. ஆடி மாதத்தில் அந்த விடை மிகவும் தவறு.

விடுமுறையில் நண்பர்களோடு சைக்கிளில் நெடுந்தூரம் போக வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். நல்ல ஆசைதான். ஆனால் வழியைத் திட்டமிடும்போது கிலோமீட்டரை மட்டும் கூட்டிப் பார்த்தால் போதாது. கால்கள் கிலோமீட்டரை அறிவதில்லை. அவை அறிவது இயற்பியல் கூறும் ‘வேலை’யை மட்டுமே. அந்த வேலையைப் புறப்படுவதற்கு முன்பே தாளில் கணக்கிட்டுவிடலாம். அதற்கு வேண்டிய இயற்பியல் முழுவதும் உங்கள் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

ஆடி மாதத்தில் ஒரு நாள்

இந்தப் பாடத்தை நான் வகுப்பறையில் கற்கவில்லை. இயற்பியல் இளங்கலை படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். காலை 6 மணிக்குக் கிளம்பினோம். 9 மணி அடிக்கும் முன்பே பழனி வந்துவிட்டது. எங்களுக்கே வியப்பு. ‘நமக்கு இவ்வளவு கால்வலுவா!’ என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். மலையேறி முருகனை வணங்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, 11 மணிக்குத் திரும்பிப் புறப்பட்டோம். மூன்று மணி நேரத்தில் வீடு போய்விடலாம் என்பது எங்கள் கணக்கு. ஆளுக்கு ஒரு புட்டி தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் மேற்குக் காற்று மார்பில் மோதியது. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நகர மறுத்தது. மடத்துக்குளம் வருவதற்குள் தண்ணீர் தீர்ந்தது. அதற்கு அப்பால் தோழருக்குத் தொடையில் தசைப்பிடிப்பு. சாலையோரப் புளிய மர நிழலில் அவரைப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் மோரும் உப்பும் வாங்கி வந்து கொடுத்தேன். சைக்கிளைத் தள்ளியும் மிதித்தும் உடுமலைப்பேட்டையை அடைந்தபோது மாலை ஐந்தாகிவிட்டது. அங்கிருந்து சைக்கிள்களைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

அன்று எங்கள் கால்வலுவில் குறைவில்லை. கணக்கில்தான் குறை. காலையில் எங்களைத் தள்ளிக்கொண்டு போன காற்றை நாங்கள் எங்கள் வலு என்று எண்ணிவிட்டோம். தேர்வில் எழுதிய இயற்பியல் சாலையில் நினைவுக்கு வரவில்லை!

சைக்கிளைத் தடுப்பவை எவை?

சமதளத்தில், காற்று வீசாத நாளில் சைக்கிளை இரண்டு விசைகள் தடுக்கின்றன. ஒன்று உருளும் தடை. டயர் தரையில் அழுந்தி நசுங்கி விரிவதால் உண்டாவது இது. வேகம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாது. மற்றொன்று காற்றுத் தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் எடை 50 கிலோ. கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள் 20 கிலோ. மூட்டை 5 கிலோ. மொத்தம் 75 கிலோ. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால் இதன் எடை 750 நியூட்டன். நல்ல தார்ச் சாலையில், டயரில் போதிய காற்று இருந்தால், உருளும் தடை சுமார் 6 நியூட்டன். நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றுத் தடையும் சுமார் 6 நியூட்டன். ஆக மொத்தம் 12 நியூட்டன்.

மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 4.17 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். 12-ஐ 4.17-ஆல் பெருக்கினால் 50 வாட். பழக்கமுள்ள ஒரு மாணவர் நாள் முழுவதும் களைப்பில்லாமல் தரக்கூடிய திறன் இதுதான் என்று கொள்வோம். சற்று நேரத்துக்கு இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு திறனைக் காட்டிவிடலாம். ஆனால் நெடும் பயணத்துக்கு அது உதவாது.

ஒரு கிலோமீட்டர் போகச் செய்யும் வேலை எவ்வளவு? 12 நியூட்டனை 1,000 மீட்டரால் பெருக்கினால் 12,000 ஜூல், அதாவது 12 கிலோஜூல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவே நம் அளவுகோல்.

காற்றின் கணக்கு

இப்போது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுவதாகக் கொள்வோம். ஆடி மாதத்தில் இது பெரிய காற்று அன்று. அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் போனால், உங்கள் முகத்தில் மோதும் காற்றின் வேகம் 30 கிலோமீட்டர். வேகம் இரு மடங்கு என்பதால் காற்றுத் தடை நான்கு மடங்கு. முன்பு 6 நியூட்டனாக இருந்தது இப்போது சுமார் 25 நியூட்டன். உருளும் தடையையும் சேர்த்தால் 31. இதற்கு வேண்டிய திறன் சுமார் 130 வாட்! உங்களிடம் இருப்பதோ 50 வாட். வேறு வழியில்லை, வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். கணக்கிட்டுப் பார்த்தால் 50 வாட்டுக்கு மணிக்கு 8½ கிலோமீட்டர் வேகமே கிடைக்கும்.

அதே காற்று முதுகுப் பக்கம் வீசினால்? 50 வாட்டுக்கு மணிக்கு 23 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும்.

இந்த மூன்று வேகங்களையும் பொள்ளாச்சி–பழனி சாலைக்குப் பொருத்துவோம். காற்றில்லாத நாளில் போக 4 மணி 20 நிமிடம், வர 4 மணி 20 நிமிடம். மொத்தம் 8 மணி 40 நிமிடம். காற்றடிக்கும் நாளில் போக 2 மணி 50 நிமிடம், வர 7 மணி 40 நிமிடம். மொத்தம் 10½ மணி.

பின்காற்றால் கிடைத்த இலாபம் 1½ மணி. எதிர்க்காற்றால் வந்த நட்டம் 3 மணி 20 நிமிடம். காற்று ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். ஆனாலும் இலாபமும் நட்டமும் ஈடாகவில்லை. ஏன்? வேகம் குறையும் பக்கத்தில்தான் நாம் அதிக நேரம் இருக்கிறோம். உதவி செய்யும் காற்றோடு 3 மணி நேரம்கூட இருப்பதில்லை, தடுக்கும் காற்றோடு 7½ மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டுகிறோம்.

இன்னொரு விந்தையையும் கவனியுங்கள். பின்காற்றில் நாம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றும் அதே வேகத்தில் கூடவே வருவதால், நம்மைச் சுற்றிக் காற்றே இல்லாதது போலத் தோன்றும். 23 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுகூட முகத்தில் 8 கிலோமீட்டர் வேக இளங்காற்றுதான் படும். எதிர்க்காற்று தன்னை அறிவித்துக்கொண்டு வரும். பின்காற்று ஒளிந்துகொண்டு உதவும். அன்று எங்களை ஏமாற்றியது இதுவே. ஆகவே, வழக்கத்தைவிட வேகமாகப் போகிறோம் என்று தோன்றினால் உடனே ஒரு மரக்கிளையையோ கொடியையோ பாருங்கள்.

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்கிறார்களே, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து வீசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதைச் சுவர் போலத் தடுக்கிறது. சுவரில் சில இடங்களில் மட்டும் வாயில்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகியவை அவை. காற்று அவற்றின் வழியே பாய்ந்து வருகிறது. உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கங்களிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுவே. வரைபடத்தில் காற்றாலைகள் நிறைந்த பகுதியைக் கண்டால், அங்கே பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கிச் சைக்கிள் ஓட்டுவது எளிதன்று என்று புரிந்துகொள்ளலாம்.

மேட்டின் கணக்கு

காற்று கண்ணுக்குத் தெரியாத மலை. இனிக் கண்ணுக்குத் தெரியும் மலைக்கு வருவோம்.

750 நியூட்டன் எடையை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றச் செய்யும் வேலை 75,000 ஜூல், அதாவது 75 கிலோஜூல். சமதளத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 12 கிலோஜூல் என்று முன்பே கண்டோம். 75-ஐ 12-ஆல் வகுத்தால் 6 சொச்சம். ஆகவே பயணத் திட்டத்துக்கு ஒரு எளிய விதி கிடைக்கிறது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 6 கிலோமீட்டர் தூரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழனி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். ஏற வேண்டியது ஏறக்குறைய 1,800 மீட்டர். 65 கிலோமீட்டரோடு 18 தடவை 6 கிலோமீட்டரைக் கூட்டினால் 173 கிலோமீட்டர்! மலையேறும்போது வேகம் மிகவும் குறைவதால் காற்றுத் தடை அநேகமாக மறைந்துவிடும். அந்தச் சலுகையையும் கொடுத்துத் திருத்தமாகக் கணக்கிடுவோம். உருளும் தடைக்கு 390 கிலோஜூல், ஏற்றத்துக்கு 1,350 கிலோஜூல், மொத்தம் 1,740 கிலோஜூல். 50 வாட் திறனுக்கு இது 9 மணி 40 நிமிட வேலை. கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். நம் எளிய விதி சற்று மிகையாகவே சொல்கிறது. பயணம் போகிறவருக்கு அது பாதுகாப்பான பிழை.

மொத்த உயரம் மட்டும் போதாது, சரிவையும் பார்க்க வேண்டும். கியர் இல்லாத சைக்கிளில் மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது கால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வட்டப் பாதையில் நகர்கிறது. அதற்குள் சைக்கிள் 5 மீட்டர் போய்விடுகிறது. தூரத்தில் ஐந்து மடங்கு இலாபம் என்றால் விசையில் ஐந்து மடங்கு நட்டம். சமதளத்தில் 12 நியூட்டன் தடைக்குக் கால் தர வேண்டிய சராசரி விசை 60 நியூட்டன், அதாவது 6 கிலோ எடை. 20 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் ஏறும் சாலையிலோ மொத்தத் தடை 44 நியூட்டன் ஆகிவிடும். காலின் விசை 220 நியூட்டன், அதாவது 22 கிலோ எடை. உங்கள் உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதியை ஓயாமல் மிதியின் மேல் அழுத்திக்கொண்டே போக வேண்டும். சில நூறு மீட்டருக்கு இது முடியும். கிலோமீட்டர் கணக்கில் முடியாது. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

கியர் உள்ள சைக்கிள் இங்கே உதவும். மிதியின் ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்குப் பதில் 2½ மீட்டர் மட்டும் போகும்படி கியரை மாற்றினால் காலின் விசை பாதியாகிறது. ஆனால் இரண்டு மடங்கு சுற்றுகள் மிதிக்க வேண்டும். செய்யும் வேலை அணுவளவும் குறைவதில்லை. கியர் உழைப்பைக் குறைப்பதில்லை, நம்மால் தாங்கக்கூடிய தவணைகளாகப் பிரித்துத் தருகிறது. அவ்வளவே.

இறக்கம் கடனைத் திருப்பித் தருமா?

‘ஏறும்போது செய்த வேலை நிலையாற்றலாகச் சேமிக்கப்படுகிறதே, இறங்கும்போது அது திரும்பக் கிடைக்காதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பது சரிவைப் பொறுத்தது.

சமதளத்தில் தடை விசை 12 நியூட்டன், எடை 750 நியூட்டன். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 62-க்கு 1. அதாவது 62 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் மென்மையான சரிவில், மிதிக்காமலே மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு போகலாம். அத்தகைய சாலையில் 100 மீட்டர் இறங்கினால் 6 கிலோமீட்டருக்கு மேல் இலவசப் பயணம். கொடுத்த கடன் முழுவதும் வசூல்!

20-க்கு 1 என்ற செங்குத்தான சரிவிலோ அதே 100 மீட்டர் இறக்கம் 2 கிலோமீட்டரில் முடிந்துவிடும். இலவசப் பயணம் 2 கிலோமீட்டர்தான். மீதி ஆற்றல் பிரேக்குக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும் வெப்பமாகி வீணாகிறது. பிரேக்கைப் பிடிக்காமல் விட்டால் அது வேகமாக மாறி உங்களை வளைவில் தூக்கி எறியும். ஆகவே, மலையிறக்கத்தில் நேரத்தை மீட்டுவிடலாம் என்று ஒருபோதும் கணக்குப் போடாதீர்கள். புறப்படும் முன் இரு பிரேக்குகளையும் சோதியுங்கள். மழையில் நனைந்த பிரேக்கு சரியாகப் பிடிக்காது என்பதையும் மறவாதீர்கள். இருட்டிய பின் மலையில் இறங்கவே வேண்டாம்.

காற்றில் கண்ட உண்மையே இங்கும் வருகிறது. எதிர்க்காற்றில் இழந்ததைப் பின்காற்று முழுவதும் திருப்பித் தருவதில்லை. செங்குத்தான ஏற்றத்தில் கொடுத்ததை இறக்கம் முழுவதும் திருப்பித் தருவதில்லை. எனவே ஏற்ற இறக்கமும் காற்றும் குறைந்த வழி, சற்றுச் சுற்று வழியானாலும், பல சமயங்களில் நமக்கு ஆதாயமே.

வரைபடத்தில் உயரத்தைப் படிப்பது

ஏற்றத்தை முன்கூட்டியே அறிவது எப்படி? இந்திய நில அளவைத் துறை வெளியிடும் நிலவரைபடங்களில் சம உயரக் கோடுகள் வரையப்பட்டிருப்பதைப் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 50,000-க்கு 1 என்ற அளவுள்ள வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே பொதுவாக 20 மீட்டர் உயர வேறுபாடு. நீங்கள் போகும் சாலை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கோட்டை வெட்டினால் சரிவு 25-க்கு 1. கோடுகள் இன்னும் நெருங்கினால், சைக்கிளைத் தள்ள வேண்டிய இடம் என்று அங்கே பென்சிலால் குறித்துவிடுங்கள். கோடுகளே வெட்டாத இடம் சமவெளி.

இங்கே பலரும் செய்யும் ஒரு பிழை உண்டு. புறப்படும் ஊரின் உயரத்தையும் சேரும் ஊரின் உயரத்தையும் கழித்து, அதுவே ஏற்றம் என்று எண்ணிவிடுவார்கள். இரண்டு ஊர்களும் 300 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். இடையே 100 மீட்டர் உயரமுள்ள மூன்று மேடுகளும் இருக்கலாம். கழித்தால் விடை பூச்சியம். ஏற வேண்டியதோ 300 மீட்டர். ஆகவே சாலை மேல்நோக்கி வெட்டும் கோடுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் கூட்டுங்கள். ஏற்றங்கள் கூடிக்கொண்டே போகும், இறக்கங்கள் அவற்றை ஈடுகட்டா.

வரைபடம் கைக்கு எட்டாவிட்டால் ரயில் நிலையத்துக்குப் போங்கள். மஞ்சள் பெயர்ப் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் எழுதப்பட்டிருக்கும். வழியிலுள்ள நிலையங்களின் உயரங்களைக் குறித்து ஒரு வரைகோட்டுத் தாளில் புள்ளியிட்டு இணைத்தால், உங்கள் பாதையின் பக்கத் தோற்றம் கிடைத்துவிடும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழனி மூன்றும் ஏறக்குறைய 300 முதல் 370 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே அந்தச் சாலையில் நாம் அஞ்ச வேண்டியது மேட்டை அன்று, காற்றையே என்பது உடனே தெளிவாகும்.

இன்று பலர் வீட்டில் கைப்பேசி வரைபடம் இருக்கிறது. தூரத்தையும் திருப்பங்களையும் அறிய அது சிறந்த கருவி. ஆனால் அது பெரும்பாலும் மோட்டார் வண்டிக்கே வழி சொல்லும். வண்டியின் இன்ஜினுக்கு ஆடிக் காற்று ஒரு பொருட்டன்று. உங்கள் 50 வாட் இன்ஜினுக்கு அதுவே பெரும் பொருட்டு.

ஐந்து கிலோமீட்டர் சுற்றினால் முன்னதாகச் சேரலாம்!

சுற்று வழி ஆதாயம் என்றேன் அல்லவா? ஓர் எடுத்துக்காட்டு. எதிர்க்காற்று அடிக்கும் திறந்த நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கு இணையாகத் தென்னந்தோப்புகளுக்கு இடையே ஒரு கிராமச் சாலை போகிறது. அதன் நீளம் 25 கிலோமீட்டர். மரங்களின் மறைவால் அங்கே காற்றின் வேகம் பாதியாகக் குறைகிறது என்று கொள்வோம். நெடுஞ்சாலையில் வேகம் மணிக்கு 8½ கிலோமீட்டர், நேரம் 2 மணி 21 நிமிடம். கிராமச் சாலையில் 50 வாட்டுக்கு மணிக்கு 11.3 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும், நேரம் 2 மணி 13 நிமிடம். ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றியும் எட்டு நிமிடம் முன்னதாகச் சேர்கிறோம்! நிழல் கிடைக்கிறது, லாரிகளின் தொல்லை இல்லை, கிணறும் கடையும் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தச் சாலை தார்ச் சாலைதானா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மணலும் சரளையும் நிறைந்த பாதையில் உருளும் தடை இரு மடங்கையும் தாண்டிவிடும். அப்போது கணக்கு தலைகீழாகும். டயரில் காற்றுக் குறைந்தாலும் அப்படியே.

வெயிலும் தண்ணீரும்

நம் உடலும் ஓர் இயந்திரமே. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் தசைகள் வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு வெப்பம். மிதியில் 50 வாட் தருவதற்கு உடல் 200 வாட் செலவழிக்கிறது. 150 வாட் வெப்பம் உடலை விட்டு வெளியேறியாக வேண்டும். வியர்வை ஆவியாகும்போது இந்த வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதன்படி மணிக்குக் கால் லிட்டர் வியர்வை போதும். ஆனால் நம் ஊர் நண்பகலில் வெயிலும் சூடான தார்ச் சாலையும் தம் பங்குக்கு உடலைச் சூடாக்குகின்றன. வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமல் சொட்டியும் வீணாகிறது. ஆகவே மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கக் கணக்கிடுங்கள். கடும் வெயிலில் இதைவிட மிகுதியாக வேண்டும். உப்பிட்ட மோர் மிக நல்லது.

பின்காற்றில் போகும்போது உடலைச் சுற்றிக் காற்றோட்டம் இல்லாததால் வியர்வை உலர்வதும் குறையும். கால்களுக்கு எளிதான அந்த வழி உடலுக்குப் புழுக்கமாக இருக்கும். இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எட்டு மணி நேரம் மிதித்தால் உடலின் செலவு 5,760 கிலோஜூல். இது சுமார் 400 கிராம் அரிசி தரும் ஆற்றல். வெறும் வயிற்றில் போகிறவர் பாதி வழியில் சோர்ந்துபோவதில் வியப்பில்லை.

திட்டம் தீட்டுவோம்

இனி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடலாம்.

முதலில் தூரத்தை எழுதுங்கள். ஏற்றங்களைக் கூட்டி, 100 மீட்டருக்கு 6 கிலோமீட்டர் வீதம் சேருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வீதம் நேரத்தைக் கணக்கிடுங்கள். எதிர்க்காற்றை எதிர்பார்க்கும் பகுதிக்கு 15-க்குப் பதில் 8½ என்று போடுங்கள். பின்காற்றுக்கு மட்டும் எதையும் குறைக்காதீர்கள், அது வந்தால் இலாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்கும் உணவுக்கும் பஞ்சர் ஒட்டுவதற்கும் மணிக்குப் பத்து நிமிடம் வீதம் சேருங்கள். வரும் விடை, பகல் வெளிச்ச நேரத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் பயணத்தை இரண்டு நாளாக்குங்கள். கணக்கைத் திருத்தி நேரத்தைச் சுருக்காதீர்கள்.

அடுத்து, கடினமான பகுதியை முதலில் வையுங்கள். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று அமைந்தால் மிக நல்லது. பழனியில் இருப்பவர் ஆடி மாதத்தில் பொள்ளாச்சி போய் வரலாம். களைத்துத் திரும்பும்போது காற்று அவரை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும். வழியில் முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். பொள்ளாச்சியில் இருப்பவர் பழனி போனால் அதற்கு நேர்மாறு. காலையில் கிடைக்கும் இன்பத்துக்கு மாலையில் வட்டியோடு கட்ட வேண்டும். அவர் பழனியில் தங்கி மறுநாள் விடியற்காலையில் திரும்புவதே அறிவுடைமை. பகலில் தரை சூடேறுவதால் மேலே வேகமாக வீசும் காற்று கீழே உள்ள காற்றோடு கலக்கிறது. இரவில் தரை குளிர்ந்து இந்தக் கலப்புக் குறைகிறது. அதனால் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று பெரும்பாலும் மெதுவாகவே வீசும். வெயிலும் இராது.

கடைசியாக, வழியில் எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே சைக்கிள் கடை இருக்கிறது, எங்கிருந்து பேருந்தில் திரும்பலாம் என்று வரைபடத்தில் குறியுங்கள். அதன் ஒரு படியை வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

உங்கள் ஊரிலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே போக இரண்டு வழிகளாவது இருக்கட்டும். ஒவ்வொரு வழிக்கும் தூரம், ஏற்றம், காற்று, சாலையின் தன்மை ஆகியவற்றைக் குறித்து நேரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு பெரியவர்களின் அனுமதியோடு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கணக்குக்கும் கடிகாரத்துக்கும் வேறுபாடு வந்தால் மகிழுங்கள். உங்கள் 50 வாட், 40 ஆகவோ 60 ஆகவோ இருக்கலாம், அல்லது நீங்கள் கவனிக்காத ஒரு மேடு வழியில் ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்து எண்களைத் திருத்துங்கள். இரண்டாம் முறை உங்கள் கணக்கு இன்னும் நெருங்கி வரும்.

என் தோழரும் நானும் அதற்குப் பிறகு பலமுறை அந்தச் சாலையில் போனோம். ஆனால் ஒருமுறைகூட, புறப்படுவதற்கு முந்தின மாலை மாடியில் நின்று தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காமல் போனதில்லை.